பூரிரி அந்து: விளக்கைப் பார்க்காதீர்கள், மரத்தைப் பாருங்கள்

நியூசிலாந்தின் வடதீவில், வயதான பூரிரி மரம் ஒன்றின் அடிமரத்தைச் சுற்றி வாருங்கள். முதல் சுற்றில் எதுவும் தெரியாது. இரண்டாவது சுற்றில் பட்டையின் மேல் ஓரிடம் மட்டும் கொஞ்சம் உப்பலாக, துணியில் ஒட்டுப்போட்டதுபோல் இருப்பது கண்ணில் படும். தீப்பெட்டி அளவு இருக்கலாம், அதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம். நிறம் பட்டையின் நிறமேதான். விரல்நுனியால் மெல்லத் தொட்டால் பட்டைபோல் கெட்டியாக இல்லாமல், பழைய கோணிபோல் மெத்தென்று அமுங்கும். அது பட்டை இல்லை, பட்டைத் துணுக்குகளையும் மரத்தூளையும் பட்டு நூலில் கோத்து ஒரு புழு நெய்த திரை. அதன் பின்னால் ஒரு துளை. துளைக்குள், முழுதாக வளர்ந்திருந்தால் 10 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள புழு.

அந்தப் புழு வளர்ந்தால் பூரிரி அந்துப்பூச்சி. அறிவியல் பெயர் ஏனிடஸ் விரெசென்ஸ். எட்வர்ட் டபுள்டே 1843-இல் பெயர் சூட்டினார். விரெசென்ஸ் என்றால் லத்தீனில் பசுமை படர்ந்தது என்று பொருள். உலகத்திலேயே நியூசிலாந்தில் மட்டும், அதிலும் வடதீவில் மட்டும் வாழும் உயிர். தென்தீவில் கிடையாது. இதே ஏனிடஸ் பேரினத்தின் மற்ற உறவுகள் ஆஸ்திரேலியா, நியூகினி பக்கம் இருக்கின்றன. நியூசிலாந்துக்கு இது ஒன்றுதான், அந்நாட்டு அந்துப்பூச்சிகளில் மிகப் பெரியதும் இதுதான்.

பூரிரி மரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. அது நொச்சியின் பேரினத்தைச் சேர்ந்தது. வைட்டெக்ஸ் நெகுண்டோ நம்முடைய நொச்சி, வைட்டெக்ஸ் லூசென்ஸ் பூரிரி. நொச்சி இலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரே காம்பிலிருந்து விரல்விரலாய் விரியும் பூரிரி இலையை அடையாளம் காண நேரமாகாது. ஆனால் நொச்சி வேலியோரப் புதர். பூரிரியோ 20 மீட்டர் வரை நெடிதுயரும் காட்டுமரம். பளபளக்கும் இலை, இளஞ்சிவப்புப் பூ, சிவந்த கனி. கட்டை இரும்புபோல் கனம், எளிதில் மக்காது. வேலிக்கம்பத்துக்கும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் அந்நாட்டார் இதைத் தேடித்தேடி வெட்டினார்கள். அப்படி வெட்டிய கட்டைகளில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருந்தன. ஓட்டை போட்டது நம் புழுதான். பலகையாக அறுத்து விற்க நினைத்தவருக்கு அது நஷ்டம். கம்பமாக நட்டவருக்கு ஒன்றும் கெட்டுவிடவில்லை.

இந்தப் பூச்சியைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரி திரும்பத் திரும்ப வரும்: வாயே இல்லாத பூச்சி, இரண்டே நாள் வாழ்க்கை. 1970-இல் வந்த நியூசிலாந்தின் 4 சென்ட் அஞ்சல்தலையில் இருப்பதும் இறக்கை விரித்த பச்சைப் பூச்சிதான். வரியில் தவறில்லை, படத்திலும் தவறில்லை. ஆனால் ஐந்தாண்டு வரை நீளக்கூடிய ஒரு வாழ்க்கையின் கடைசி இரண்டு நாளை மட்டும் எடுத்து, இதுதான் இந்த உயிர் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? இறக்கை என்பது முட்டையிடுவதற்கான ஏற்பாடு, அவ்வளவே. இந்த உயிர் தின்றதும், கட்டியதும், பதுங்கியதும், பிழைத்ததும் எல்லாம் மரத்தில் நடந்தவை. அதனால் முட்டையிலிருந்தே தொடங்குவோம்.

பெண் பூச்சி 2,000 முட்டை வரை இடும். இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டிவைப்பது, கொத்தாக அடுக்குவது என்ற அக்கறையெல்லாம் கிடையாது. காட்டுத்தரையில் விதை விதைப்பதுபோல் தூவிவிட்டுப் போய்விடும். முட்டை கசகசா அளவு இருக்கும். இட்டபோது வெளிறியிருக்கும், விரைவில் கறுத்துவிடும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பொரியும். இவ்வளவு முட்டை எதற்கு என்றால், தாய் இடம் பார்த்து இடவில்லை என்பதால்தான். பெரும்பாலானவை வீணாகும் என்ற கணக்கிலேயே எண்ணிக்கை அமைந்திருக்கிறது.

பொரித்த புழு நேரே மரத்தில் ஏறிவிடும் என்று நினைப்பது இயல்பு. அப்படி நடப்பதில்லை. அதன் முதல் சில மாதங்கள் தரையிலேயே கழிகின்றன, சாப்பாடு காளான். விழுந்து கிடக்கும் கட்டைகளில் தட்டுத்தட்டாக முளைக்கும் காளான்களின் அடியிலும், சருகுக்குள்ளும் நூல் நெய்து மறைந்துகொண்டு அதைத் தின்கிறது. பிறகுதான் ஒரு மாற்றம். தோலுரித்து, முந்தைய தோற்றத்திலிருந்து வேறுபட்ட ஒரு புழுவாகிறது. அந்த உருவம் பயணத்துக்கென்றே வந்தது. தரையை விட்டு ஊர்ந்து, உயிருள்ள மரத்தையோ செடியையோ கண்டுபிடித்து ஏறி, துளையிடத் தொடங்குகிறது. காளான் தின்னி, மரம் தின்னியாகும் இந்த மாற்றத்தை 1980-களில் விரிவாக ஆராய்ந்து எழுதியவர் ஜான் கிரெஹான். சருகுப் பருவம், இடமாறும் பருவம், மரப் பருவம் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் இந்தப் புழுவின் கதை பிடிபடும்.

காட்டுத்தரையைக் 'சுத்தம்' செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மரம் நின்றுகொண்டேதான் இருக்கும். ஆனால் அடியில் மக்கும் கட்டைகளை எல்லாம் வாரி எரித்துவிட்டால், சின்னப் புழுவுக்குச் சோறில்லை. பெரிய மரம் இருந்து என்ன பயன்?

இனி மரத்துக்குள் போவோம். புழு பட்டையைத் துளைத்து மரத்தின் நடுவை நோக்கிக் கிடைமட்டமாகக் கொஞ்சதூரம் குடைகிறது. பிறகு திரும்பி நேர்கீழாக இறங்குகிறது. கட்டையை நீளவாக்கில் பிளந்து பார்த்தால் சுரங்கம் 7 என்ற எண்ணைப் போலவே இருக்கும். மேல்கோடு வாசல், கீழிறங்கும் கோடு வீடு. புழு வளர வளரச் சுரங்கத்தையும் அகலமாக்கிக்கொள்கிறது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். குடைந்து எடுத்த கட்டையைப் புழு தின்றுவிடுகிறது என்று நினைக்கிறார்கள். கட்டை அதற்குச் சாப்பாடு இல்லை. குடைந்த தூள் வெளியே போகிறது, அல்லது திரையில் சேர்கிறது. அது தின்பது வாசலைச் சுற்றியுள்ள பட்டையின் உள்பக்கம். அதைக் கடித்தால் மரத்துக்குக் காயம். காயம்பட்ட மரம் சும்மா இருக்காது, ஓரங்களிலிருந்து புதுத் திசுவை வளர்த்துக் காயத்தை மூடப் பார்க்கும். மென்மையான, சத்துள்ள அந்தப் புதுத் திசுவைப் புழு இரவில் மேலே வந்து மேய்கிறது. மரம் மறுபடி வளர்க்கிறது, புழு மறுபடி மேய்கிறது. கீரைப்பாத்தியில் நுனி கிள்ளக்கிள்ளத் தழைப்பது போலத்தான். ஒரே இடத்தில் அமர்ந்து, ஒரே காயத்தை ஆறவிடாமல் வைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் அதில் பிழைக்கிறது. மரமும் சாவதில்லை. மரம் செத்தால் சாப்பாடு நின்றுவிடும் என்பதையும் பார்க்க வேண்டும்.

திரையின் வேலையும் இப்போது புரியும். அது வாசலுக்கான கதவு மட்டுமல்ல, சாப்பாட்டுக் கூடத்தின் கூரையும் அதுதான். மேயும் இடம் முழுவதையும் மூடியபடி இருப்பதால் புழு தின்னும்போதுகூட வெளியே தலைகாட்டுவதில்லை. ஏதாவது அதிர்வு தெரிந்தால் நேர்க்குழிக்குள் சட்டென்று பின்வாங்கிவிடும். ஆர்வத்தில் திரையைப் பிய்ப்பவர்களுக்கு வெறும் ஓட்டைதான் கிடைக்கும். பிய்த்துவிட்டால் புழு மறுபடி நெய்தாக வேண்டும், அதுவரை மேயும் இடம் திறந்தவெளி. ஆகவே பிய்க்காதீர்கள். பார்க்கத்தான் வேண்டுமென்றால் இரவில், சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்சோடு, காலடிச் சத்தமில்லாமல் நின்று திரையைக் கவனியுங்கள். உள்ளே மேய்ச்சல் நடந்தால் திரை லேசாக அசையும்.

ஒரு மரத்தின் மேல் தெரியும் அடையாளங்களைப் பிரித்துப் படிப்பதற்குப் பெரிய பயிற்சி வேண்டாம். திரை முழுதாக, ஓரங்கள் பட்டையோடு இறுக ஒட்டி, ஆங்காங்கே புதுத்தூளின் வெளிர்நிறம் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. துளையிலிருந்து பழுப்புநிறக் கூடு ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டு, முன்பக்கம் வெடித்துக் காலியாக இருந்தால் பூச்சி பறந்துவிட்டது. அந்த ஓடு காற்றிலும் மழையிலும் விழும்வரை அப்படியே இருக்கும். திரை கிழிந்து தொங்க, துளையின் ஓரத்தில் மரம் உதடுபோல் தடித்து வளர்ந்து வந்தால் வீடு காலியாகிக் கொஞ்சகாலம் ஆகிவிட்டது. துளையே மூடி, பட்டையில் சாய்சதுரத் தழும்பு மட்டும் இருந்தால் அது பழைய கதை. வயதான மரங்களில் இந்த நான்கையும் ஒரே அடிமரத்தில் காணலாம்.

பூரிரி மரத்தில் மட்டும்தான் இருக்கும் என்று பெயரை நம்பித் தேடினாலும் தவறிவிடும். புட்டாபுட்டாவேட்டா, மாக்கோமாக்கோ, ஹோஹேரே, டிடோக்கி என்று காட்டுமரங்கள் பலவற்றிலும் துளையிடும். வெளிநாட்டிலிருந்து வந்து நட்ட ஓக், வில்லோ, பிர்ச், யூகலிப்டஸ் ஆகியவற்றையும் விடுவதில்லை. இடமாறும் பருவத்தில் தரையிலிருந்து ஏறும் புழுவுக்கு எதிரே வந்ததுதான் மரம் போலும்.

உள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. அதற்கு முன் நேர்க்குழியின் வாயைப் பட்டுத் தகட்டால் அடைத்துக்கொள்ளும். கூட்டுப்புழு என்றால் அசையாமல் கிடக்கும் என்பது பட்டுப்பூச்சியைப் பார்த்துப் பழகிய நம் எண்ணம். இது அப்படியல்ல. வயிற்றுப் பக்கம் வரிசையாக உள்ள சிறு முட்களை ஊன்றிக் குழிக்குள் மேலும் கீழும் நகரும். நாள் நெருங்கியதும் ஒரு மாலைப்பொழுதில் மேலேறி, மேற்சுரங்கம் வழியாக வந்து, திரையை முட்டிக் கிழித்துக்கொண்டு பாதியுடல் வெளியே நீட்டி நிற்கும். ஓடு வெடிக்கும். ஈர இறக்கைகளோடு பூச்சி வெளியேறி, மரத்தைப் பிடித்துத் தொங்கி, இறக்கைகளை விரித்து உலர்த்தும். அந்த நேரத்தில் தொட்டால் இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும், பிறகு பறக்கவே பறக்காது. ஐந்தாண்டு வேலை ஒரு விரல்பட்டு வீணாகும் நேரம் அதுதான். ஆண்டு முழுவதும் இங்கொன்றும் அங்கொன்றுமாய் வெளிவந்தாலும், செப்டம்பர் முதல் நவம்பர் வரை, அதாவது அங்கே வசந்தகாலத்தில், அதிகம்.

பெண்ணின் இறக்கை விரிவு 15 சென்டிமீட்டர் வரை எட்டும். ஆண் சிறியது, 10 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். ஆணின் முன்னிறக்கை பளிச்சென்ற பச்சை, வெண்ணிறக் கீற்றுகள் உண்டு, பின்னிறக்கை வெளிறியது. பெண்ணின் பச்சையில் கறுப்புத் திட்டுகள் பாசிபடர்ந்த பட்டைபோல் கலந்திருக்கும், பின்னிறக்கை மங்கிய பழுப்பு. மஞ்சள் சாயலிலும் நீலப்பச்சையிலும் அபூர்வமாகக் கிடைக்கும். உணர்கொம்பு உடலுக்குப் பொருந்தாத அளவுக்குக் குட்டையாக இருக்கும். இந்தக் குடும்பத்தின் அடையாளமே அதுதான். இறக்கையில் கண்போன்ற வட்டங்கள் இருந்தால் அது பூரிரி அந்து இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து குடியேறிய பழுப்புநிற எம்பரர் கம் அந்துவை, பெரிதாக இருக்கிறதே என்று பலர் இதுவாக நினைத்துவிடுகிறார்கள்.

வெளிச்சம் இதைப் பாடாய்ப்படுத்துகிறது. ஈரமான வசந்தகால இரவுகளில் வீட்டு ஜன்னலிலும் தெருவிளக்கிலும் மோதி மோதி, இருக்கும் கொஞ்ச நாளில் ஓர் இரவை இழக்கிறது. காட்டை ஒட்டிய வீடாக இருந்தால் அந்த மாதங்களில் வாசல் விளக்கை அணைத்துவைப்பதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை. காலையில் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், செதில் உதிரும். குச்சியொன்றை முன்கால்களுக்கு அருகே நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். நிழலான அடிமரத்தில் விட்டுவிடலாம். சர்க்கரைத் தண்ணீர், தேன், பழத்துண்டு எதுவும் வைக்க வேண்டாம். தின்பதற்கு வாயில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில்தான் ஓடுகிறது. பெட்டியில் அடைத்த பெண் கறுப்பு மணிகளாக முட்டைகளைக் கொட்டிவிட்டால், வளர்த்துப் பார்க்கும் ஆசை வரும். சருகுக்கும் காளானுக்கும் பிறகு உயிருள்ள மரத்துக்கும் ஆண்டுக்கணக்கில் ஏற்பாடு செய்ய முடியாதவர்கள், முட்டைகளைக் கொண்டுபோய் மக்கிய கட்டையின் ஓரத்தில் தூவிவிடுவதே மேல்.

தோட்டக்காரர்களின் புகாரிலும் நியாயம் இருக்கிறது. பெரிய மரத்துக்கு ஒன்றிரண்டு துளை ஒரு பொருட்டில்லை. ஆனால் மணிக்கட்டுப் பருமனுள்ள இளமரத்தின் நடுவே விரற்கடைச் சுரங்கம் இறங்கினால், அங்கே மிஞ்சுவது ஒரு குழாய்தான். பலத்த காற்றில் முறிவது பெரும்பாலும் துளை இருக்கும் உயரத்தில். யூகலிப்டஸ் தோப்பு வைத்தவர்களுக்கு இது நிஜமான இழப்பு. துளை வழியாக அழுகலும் உள்ளே போகலாம்.

இதற்குச் செய்யும் வைத்தியத்தில்தான் கோளாறு. மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். வாசலைச் சுற்றியுள்ள வளரும் திசுவும் அதில் கருகிவிடும், பிறகு துளை ஆறவே ஆறாது. சிமெண்ட் வைத்து அடைக்கிறார்கள். மரம் தானாக உள்ளிருந்து மூடிக்கொண்டு வரும் உதட்டுக்கு அது தடை. நேரான கம்பியை விட்டுக் குத்துகிறார்கள். சுரங்கம் 7 வடிவம் என்பதால் கம்பி எதிர்ச்சுவரில் இடிக்கும், புழு கீழே பத்திரமாக இருக்கும். இளமரத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும் என்றால் நல்ல முட்டுக்கம்பு ஒன்றை ஊன்றி, துளைக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு என்று அகலமான துணிப்பட்டையால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். பூச்சி போனபின் மேய்ச்சல் நின்றுவிடும், தடையில்லாமல் வளரும் புதுத்திசு வாசலை மூடத் தொடங்கும்.

மாவோரி மக்கள் இதைப் பெப்பெட்டுனா என்கிறார்கள். பெப்பே என்றால் பட்டாம்பூச்சி அல்லது அந்து. டுனா என்பது நம் சூரை மீன் அல்ல, அவர்கள் மொழியில் விலாங்கு. விலாங்கு பிடிக்க இந்தப் புழு நல்ல இரை.

இன்னொரு பழைய குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். அவெட்டோ என்று ஒன்று உண்டு. பூஞ்சை தாக்கி மரக்கட்டைபோல் இறுகிப்போன புழு, அதன் தலைப்பக்கத்திலிருந்து மண்ணுக்கு மேலே நீளும் பூஞ்சைத்தண்டு. இமயத்துக் கீடா ஜடியைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதில்லை, அதன் உறவுதான். மாவோரிகள் இதை எரித்துக் கரியாக்கிப் பச்சை குத்தும் மைக்குப் பயன்படுத்தினார்கள். அந்தப் புழு பூரிரி அந்துவின் புழு என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். யோசித்தால் பொருந்தவில்லை. அவெட்டோ மண்ணுக்குள் நேர்க்குழியில் நட்டுவைத்ததுபோல் நிற்கிறது. பூரிரிப் புழு வளர்வதோ மரத்துக்குள். பூஞ்சை பிடிப்பது இதே குடும்பத்தின் மண்ணில் வாழும் வேறு இனங்களை.

பூரிரி அந்துவின் எதிரிகள் வேறு. காக்கா என்ற பெயருள்ள பெரிய கிளி அங்கே உண்டு. நம் காகத்துக்கும் அதற்கும் பெயர் தவிர ஒட்டில்லை. அது அலகால் மரத்தைப் பிளந்து புழுவை எடுத்துவிடும். பறக்கத் தொடங்கிய பூச்சியை ரூரூ என்ற சிறு ஆந்தை பிடிக்கும், வீட்டுப் பூனையும் பிடிக்கும். காலையில் தெருவிளக்கடியில் பச்சை இறக்கைகள் மட்டும் கிடந்தால் அங்கே இரவு விருந்து நடந்திருக்கிறது.

காலியான துளை வீணாவதில்லை. மர வேட்டா என்னும் இறக்கையற்ற பெரும்பூச்சி, வெட்டுக்கிளிக்கும் சுவர்க்கோழிக்கும் உறவு, பகலில் பதுங்க அங்கே குடிவருகிறது. பல நேரம் ஓர் ஆணும் சில பெண்களுமாகச் சேர்ந்தே ஒரு துளையில் இருக்கும். புட்டாபுட்டாவேட்டா என்ற மரப்பெயரிலேயே இந்த வேட்டா இருக்கிறது. வேட்டா இருக்கும் துளைக்குத் திரை கிடையாது, வாசல் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும், மரம் மூட முயலும் ஓரத்தை அது கடித்துக் கடித்துத் திறந்தே வைத்திருக்கும். அந்தத் துளைக்குள் மட்டும் விரலை விட்டுப் பார்க்காதீர்கள். வேட்டாவின் பின்னங்கால் முழுக்க முள், ஆணின் தாடையும் லேசுப்பட்டதல்ல.